குழந்தையின் மென்தோலும் அணையாடையும்

அணையாடை அணிந்த குழந்தையின் தோல் சிவப்பதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். சிறுநீரும் மலமும் கலக்குமிடத்துத் தோலின் இயல்பான அமிலத்தன்மை குன்றும். மலத்திலுள்ள நொதியங்கள் வலுப்பெற்றுத் தோலை அரிக்கும். ஆகவே, ஒருமுறை அணிந்து கழிக்கும் டயபரை வாங்குங்கால், நறுமணம் ஊட்டப்படாததும், ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கி உள்ளடக்குவதும், இடையையும் தொடையையும் இறுக்காததுமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் நன்று.

எத்துணைச் சிறந்த டயபராயினும் காலத்தில் மாற்றாவிடின் தீங்கே விளையும். மலங்கழித்தவுடன் அதனை அகற்றி, இளஞ்சூட்டு நீராற் கழுவி, தேய்க்காது ஒற்றியெடுத்து, சிறிது நேரம் காற்றுப்பட விடுதல் வேண்டும். பின்னர் நாக ஒட்சைட்டுக் களிம்பைப் பூசலாம்.

தொடை மடிப்புகளிலும் சிவப்புப் பரவி, சுற்றிலும் சிறு புள்ளிகள் தோன்றுமாயின், அது பூஞ்சணத் தொற்றாக இருக்கலாம். அந்நிலையில் டயபரை மாற்றி மாற்றி வாங்கிக் காலங்கழிக்காது, மருத்துவரை நாடுவோமாக.