ஹுஸ்டட்விகாவில் நின்ற எஞ்சின்கள்

நார்வேயின் மேற்குக் கரையை ஒட்டிச் செல்லும் கப்பல்களுக்குப் பெரும்பாலும் தீவுக்கூட்டங்களே அரணாக நின்று, திறந்த கடலின் அலைகளைத் தாங்கிக்கொள்கின்றன. அந்த அரண் இல்லாத சில இடங்களுள் ஒன்று ஹுஸ்டட்விகா. ஆழ்கடலில் நீண்டு வரும் அலைகள், நீருள் மறைந்த பாறைகள் நிறைந்த இந்த ஆழமற்ற பரப்பை எட்டியதும் குறுகிச் செங்குத்தாக எழுவதால், அனுபவமிக்க மாலுமிகளும் இங்கே எச்சரிக்கையோடுதான் நுழைவார்கள்.

குளிர்காலத்தில் வடதுருவ ஒளியைக் காணச் செல்லும் சொகுசுக் கப்பல்களின் பயணிகள் கடலின் இந்த இயல்பை உணராமலே நாள்களைக் கழிக்க முடிகிறது என்றால், அதற்குக் கப்பலின் இருபுறமும் நீர்மட்டத்துக்குக் கீழே சிறகுபோல் நீட்டப்படும் நிலைப்படுத்தும் தகடுகள் ஒரு முக்கியக் காரணம். பக்கவாட்டு உருளலை இவை வெகுவாகக் குறைக்கும். முன்னும் பின்னுமான ஏற்றஇறக்கத்தைக் குறைப்பதில்லை. ஆகவே காற்று வலுத்ததும் வெளித்தளங்கள் மூடப்படுகின்றன, சமையற்கூடத்தில் பாத்திரங்கள் கட்டிவைக்கப்படுகின்றன, கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தள அறை பெற்றவர்கள் மற்றவர்களைவிட நிம்மதியாக உறங்குகிறார்கள். ஆனால் கப்பல் முன்னோக்கி நகரும்போது தகடுகளின் மீது பாயும் நீரே அவற்றுக்கு விசை தருகிறது என்பதால், எஞ்சின் நின்றால் பயணிகளின் வசதியும் உடன் நின்றுவிடும்.

2019 மார்ச் 23 அன்று ஹுஸ்டட்விகாவில் வைகிங் ஸ்கை என்னும் சொகுசுக் கப்பலுக்கு நேர்ந்தது அதுதான். 2017இல் கட்டப்பட்ட இக்கப்பல், ட்ரோம்சோவிலிருந்து ஸ்டவாங்கர் நோக்கி 1,373 பேருடன் புயலினூடே சென்றபோது, பிற்பகல் 2 மணியளவில் மின்சாரத்தையும் உந்துவிசையையும் ஒருங்கே இழந்தது. இவை இரண்டையும் தந்த ஜெனரேட்டர்களின் உராய்வைக் குறைக்கும் மசகு எண்ணெய், அதன் தொட்டிகளில் 68 முதல் 75 விழுக்காடு இருக்க வேண்டியிருக்க, 28 முதல் 40 விழுக்காடே இருந்தது. கப்பல் ஆடியபோது எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிப் பம்புகள் காற்றை இழுத்தன. எண்ணெய் அழுத்தம் குறையவே, ஜெனரேட்டர்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே நின்றன. இயந்திரத்தைக் காக்கும் ஏற்பாடு கப்பலைக் கைவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

நங்கூரங்கள் பிடிக்காமல் கப்பல் பாறைகளை நோக்கி ஒதுங்கியது. போதிய உந்துவிசை திரும்ப 39 நிமிடங்கள் ஆயின. அதற்குள் உள்ளே மேசை நாற்காலிகள் சறுக்கி மோதின. கூரைப் பலகைகள் விழுந்தன. உயிர்காப்பு அங்கியுடன் பயணிகள் கூடியிருந்த இடத்திலேயே கடல்நீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. அந்த அலைகளில் உயிர்காப்புப் படகுகளை இறக்குவது பேராபத்து என்பதால், ஹெலிகாப்டர்கள் கயிற்றில் தூக்கி 479 பேரைக் கரைசேர்த்தன. மீட்பு நடக்கும்போதே அருகில் ஹாக்லண்ட் கேப்டன் என்னும் சரக்குக் கப்பலும் எஞ்சின் செயலிழக்க, சில ஹெலிகாப்டர்கள் அதன் 9 மாலுமிகளை மீட்கத் திருப்பிவிடப்பட்டன. எஞ்சியவர்களுடன் வைகிங் ஸ்கை மறுநாள் மோல்டே துறைமுகத்தை அடைந்தது.

நார்வேயின் விபத்துப் புலனாய்வு அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை, எண்ணெயோடு நிற்கவில்லை. ஒரு பகுதி பழுதானாலும் கப்பல் தன் சொந்த விசையிலேயே துறைமுகம் திரும்ப இயல வேண்டும் என்பது பெரிய பயணிகள் கப்பல்களுக்கான விதி. நான்கு ஜெனரேட்டர்களுள் ஒன்று முன்னரே பழுதாகியிருந்த வைகிங் ஸ்கை அவ்விதியை நிறைவு செய்யவில்லை என்றும், அந்த வானிலையில் ட்ரோம்சோவை விட்டே அது புறப்பட்டிருக்கக் கூடாது என்றும் அறிக்கை முடிவுசெய்தது.