புன்னையின் உறவில் ஓர் ஔஷதம்

நெருங்கிய கோடுகளாய் நரம்போடிய தடித்த இலைகளும், மஞ்சள் மகரந்தத் தாள்கள் நடுவே திரண்ட வெண்மலர்களும் கொண்டு நம் கடற்கரை ஊர்களில் நிழல் பரப்பி நிற்கும் புன்னைக்கு, போர்னியோத் தீவின் சதுப்புக் காடுகளில் நெருங்கிய உறவினர் உண்டு. பிந்தாங்கோர் என்று மலாய் மக்கள் அழைக்கும் அம்மரங்களுள் ஒன்றிலிருந்தே கலனோலைடு-ஏ என்னும் மருந்துப்பொருள் கிடைத்தது.

1987ஆம் ஆண்டில், அமெரிக்க தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்காகத் தாவரங்களைத் திரட்டிவந்த ஜான் பர்லி, சராவாக் மாநிலத்தில் லுண்டு என்னும் ஊரையடுத்து ஒரு மரத்தின் இலைகளையும் சுள்ளிகளையும் சேகரித்து அனுப்பினார். அவற்றின் சாறு எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமியின் பெருக்கத்தைச் சோதனைக்கூடத்தில் தடுத்து நிறுத்தவே, மேலும் இலை பறித்துவர ஆராய்ச்சியாளர் ஆவலோடு திரும்பிச் சென்றனர். அந்தோ, அந்த மரம் அங்கே இல்லை. அதை யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்! அண்டையில் நின்ற மரங்களிலோ அந்தச் சக்தி போதிய அளவு காணப்படவில்லை. கடைசியில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் நின்ற மரமே கைகொடுத்தது. அன்று அத்தோட்டம் இல்லாதிருந்தால் இந்த ஆராய்ச்சி அங்கேயே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவில் கொண்டு வருகிறது. மனித உயிரணுவுக்குள் புகுந்ததும், தன்னோடு கொணர்ந்த ஒரு நொதியைக் கொண்டு அச்செய்தியை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. ஏடு பெயர்த்தெழுதும் எழுத்தனின் எழுத்தாணியைத் தொடாமல் அவன் முழங்கையைப் பற்றி நிறுத்துவதுபோல, கலனோலைடு அந்த நொதியின் வேறோரிடத்தில் பற்றிக்கொண்டு வேலையை முடக்குகிறது. எச்.ஐ.வி.யின் முதல் வகையிடம்தான் இது செல்லும். இரண்டாம் வகையிடம் பலிப்பதில்லை.

இன்னொரு பிந்தாங்கோர் ஜாதியின் பட்டையைக் கீறினால் வடியும் பாலில், வீரியம் சற்றுக் குறைந்த இதன் சகோதரப் பொருள் ஏராளமாக இருப்பது பின்னர்த் தெரியவந்தது. மரத்தை வீழ்த்தாமலே அதைப் பெறலாம். கலனோலைடு-ஏயை ரசாயன முறையில் செய்யவும் விஞ்ஞானிகள் கற்றுக்கொண்டனர். 1996இல் சராவாக் அரசும் ஓர் அமெரிக்க நிறுவனமும் சரிபாதிப் பங்காளிகளாய்க் கம்பெனி ஒன்றை நிறுவின. காட்டுக்குரியவர்களுக்கும் பங்களித்த இந்த ஏற்பாடு நியாயமானதே. மனிதரிடம் ஆரம்பப் பரிசோதனைகள் நடந்தேறியபோதிலும், கலனோலைடு இன்றளவும் அங்கீகாரம் பெற்று மருந்துக் கடைகளுக்கு வந்துசேரவில்லை.