முறைப்பாட்டின் முதல் பக்கம்

வல்லிபுரக் கோயில் தீர்த்தத்துக்குப் போன குடும்பமொன்று கரவெட்டியில் ஒழுங்கைக்குள் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கத்து ஓடுகள் நாலைந்து கழற்றப்பட்டிருக்கின்றன. அலுமாரி திறந்து கிடக்கிறது. தாலிக்கொடியைக் காணவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் அயலட்டை முழுக்க அந்த அறைக்குள் நிற்கும். "எதாலை இறங்கினவன்?" என்று ஆளாளுக்கு அலுமாரியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பொலிஸ் வந்து சேருவதற்குள் களவெடுத்தவனின் கைரேகைக்கு மேல் ஊரின் கைரேகை படிந்துவிடும்.

கரவெட்டியாரின் முறைப்பாடு போவது நெல்லியடிப் பொலிஸ் நிலையத்துக்கு. ஆங்கிலப் படங்களில் வருவதுபோல ஊருக்கொரு தனிப் பொலிஸ் திணைக்களம் இலங்கையில் கிடையாது. 1866இலிருந்து பொலிஸ் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், தலைமை கொழும்பில். ஆனால் 1963 வரை கிராமத்தில் விதானையார்தான் பாதிப் பொலிஸ். களவு போனால் முதலில் அவர் வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள். இன்றைய கிராம அலுவலரையும் வயதானவர்கள் 'விதானையார்' என்றே சொல்வது அந்தப் பழக்கத்தில்தான். பிறகு 1991இல் புலிகள் தமிழீழக் காவல்துறையை அமைத்தார்கள். 1996இல் இராணுவம் வடமராட்சியைப் பிடிக்கும்வரை முறைப்பாடுகள் அங்கே போயின. எண்பது வயதுக் கரவெட்டியார் ஒருவர் தன் ஆயுளில் மூன்று வகைப் பொலிஸைக் கண்டிருப்பார்.

நிலையத்தில் முதல் வேலை எழுத்துத்தான். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, வாயால் சொன்ன முறைப்பாட்டைச் சொன்னவரின் மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. அந்த மொழியில் எழுத அதிகாரியால் முடியாவிட்டால் முறைப்பாட்டாளரையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். அவராலும் முடியாதென்றால், காரணத்தைக் குறித்துவிட்டு வேறொரு தேசிய மொழியில் எழுதி, விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். சிங்களம் மட்டும் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் மேசையில் இருக்கும் நாளில், இந்தச் சின்னப் பிரிவின் பெறுமதி வடக்கிலுள்ளவருக்கு நன்றாகத் தெரியும். 'பதக்கம்' என்று சொன்னது 'சங்கிலி' என்று பதியப்பட்டால், பின்னால் அதைத் திருத்துவது பெரும்பாடு.

சந்தேகநபர் அகப்பட்டால் மணிக்கூடு ஓடத் தொடங்கும். பயண நேரம் போக 24 மணித்தியாலத்துக்குள் அவரை நீதவான் முன் நிறுத்த வேண்டும். கரவெட்டிக்கு அது பருத்தித்துறை நீதவான் நீதிமன்றம். விசாரணை முடியவில்லை என்று பொலிஸார் 'பி அறிக்கை' கொடுப்பார்கள். பத்திரிகையில் நாம் வாசிக்கும் '14 நாள் விளக்கமறியல்' அதற்குப் பிறகு வருவது.

"அடிச்சுக் கேட்டால் சொல்லுவான்" என்பது சந்திக் கடை ஞாயம். சட்டம் அப்படியில்லை. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் சாட்சியாக்க முடியாது என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 27ஆம் பிரிவு ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்திருக்கிறது: சந்தேகநபர் சொன்ன தகவலைக்கொண்டு நகை ஒரு கிணற்றடியில் அகப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணமான வார்த்தைகளை மட்டும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

மற்றச் சான்றுகள் பல பொலிஸுக்கு வெளியே இருப்பவர்களின் கையில். காயத்தைப் பார்ப்பவர் சட்ட வைத்திய அதிகாரி. போதைப்பொருள் மாதிரி அரச இரசாயனப் பகுப்பாய்வுக்குத் தெற்கே போகும். அறிக்கை வரும்வரை கோவை காத்திருக்கும்.

சிறிய நிலையமொன்றின் எல்லை எங்கே முடிகிறது என்பதை 2015 மே மாதத்துப் புங்குடுதீவு மாணவி கொலை காட்டியது. ஊர்காவற்றுறைப் பொலிஸார் தொடங்கிய விசாரணை குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு மாறியது. ஊரவர் பிடித்த பிரதான சந்தேகநபரோ வெள்ளவத்தையில்தான் கைதானார். அவர் தப்ப உதவியதாக மூத்த பொலிஸ் அதிகாரி ஒருவரே 2017 ஜூலையில் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது.

நம் தாலிக்கொடிக்கு அவ்வளவு பேர் வரமாட்டார்கள். அடகுகடையில் அகப்பட்டாலும் அது வழக்குப் பொருள். உடனே கழுத்துக்கு ஏறாது. சொந்தக்காரி சாட்சிக் கூண்டில் ஏறி, இது தன்னுடையதென்று எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். கொழுக்கி கொஞ்சம் வளைந்திருக்கும் என்பார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதல்நாள் முறைப்பாட்டைப் புரட்டி, வளைந்த கொழுக்கி அதில் எங்கே இருக்கிறது என்று கேட்பார்.