பள்ளிச் சிற்றுண்டியும் மாநகராட்சிக் கணக்கும்

பள்ளிக்கூடம் ஒன்றை நடத்துவதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால், கட்டடம், ஆசிரியர், கரும்பலகை, புத்தகம் என்று விரல் மடக்கி எண்ணத் தொடங்குவோம். பிள்ளையின் மதிய உணவை அந்தக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா? இன்று இப்படி ஒருவர் கேட்டால் அவரை வியப்போடு பார்ப்போம். ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னை நகரில் இது பெரிய வழக்காகவே இருந்தது. நகர மக்களின் வரிப்பணத்தைக்கொண்டு பள்ளிகளை நடத்திய மன்றம் 'சேர்க்கலாம்' என்றது. அதன் கணக்கை மேற்பார்த்த அரசு 'சேர்க்கலாகாது' என்றது. மாணவ நண்பர்களே, அந்த வழக்கின் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டில் தோன்றியது. எனினும் அது தோன்றிய நாளிலேயே மக்களின் மன்றமாக விளங்கிற்று என்று எண்ணிவிடலாகாது. ஊர்க் காரியங்களை ஊராரே பார்த்துக்கொள்ளவேண்டும் என்னும் கொள்கைக்கு இந்திய அரசின் ஆதரவு உறுதியாகக் கிடைத்தது, ரிப்பன் பிரபு 1882-இல் வெளியிட்ட தீர்மானத்தின் வாயிலாகத்தான். மாநகராட்சி அமர்ந்திருக்கும் வெண்ணிற மாளிகை அவர் பெயரைத் தாங்கி நிற்பது அதனாலேயே. பின்னர் 1919-இல் சென்னை நகராட்சிச் சட்டமும், 1920-இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டமும் இயற்றப்பெற்றன. இரண்டாவதாகச் சொன்ன சட்டத்தை நீங்கள் சிறிது கவனிக்கவேண்டும். தொடக்கக் கல்விக்கென்று தனியே ஒரு வரி விதிக்கும் உரிமையை அது தல மன்றங்களுக்கு வழங்கிற்று. அவ்வாறு திரளும் பணமும், அரசு தன் பங்காக அளிக்கும் பணமும் 'தொடக்கக் கல்வி நிதி' என்னும் தனிப் பையில் சேரும். அந்தப் பையிலிருந்து கல்விக்கு அல்லாமல் வேறெதற்கும் செலவு செய்தல் கூடாது. விதி மிக நல்ல விதிதான். கல்விக்கென்று வாங்கிய பணத்தைச் சாலைக்குச் சரளை கொட்டச் செலவிட்டால் யார் பொறுப்பார்? ஆனால் 'கல்வி' என்னும் சொல் எதுவரையில் நீளும் என்பதில்தான் சிக்கல் எழுந்தது.

1920-இல் மாநகராட்சி மன்றத்தின் தலைவராக வீற்றிருந்தவர் பிட்டி தியாகராயச் செட்டியார். மேயர் என்னும் பட்டம் அக்காலத்தில் இல்லை. அது 1933-இல் வந்தது. நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான இவரை அதே 1920-ஆம் ஆண்டில் மாகாணத்தின் முதலமைச்சர் பதவி தேடி வந்தது; இவர் அதனை ஏற்கவில்லை. பெரிய பதவியை வேண்டாமென்ற அந்த மனிதர், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் காரியத்தில் காட்டிய அக்கறையைப் பாருங்கள். அப்பள்ளியில் படிப்போர் ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்றும், அவ்வறுமையே பள்ளியின் மாணவர் தொகையைப் பெரிதும் பாதிக்கின்றது என்றும் மன்றத்திலே அவர் எடுத்துக் கூறினார். மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்கலாம் என்று மன்றம் இசைந்தது.

ஓரணா என்பது இளைஞர்களாகிய உங்களுக்குப் பழக்கமில்லாத நாணயம். 16 அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். நூறு பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஆறு ரூபாய் நான்கணா. ஆண்டிற்கு இருநூறு பள்ளி நாட்கள் என்று வைத்துக்கொண்டால், 1,250 ரூபாய். ஒரு பள்ளிக்கு இஃது அன்று சிறிய தொகையன்று. ஆகவே கேள்வி எழாமல் இருக்குமா?

ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவது எவ்வாறு நேர்கின்றது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்தத் தீர்மானத்தின் நுட்பம் விளங்கும். தாயும் தந்தையும் விடியுமுன் கூலி வேலைக்குப் போகும் வீட்டில், அடுப்பு மூட்டுவது பெரும்பாலும் மாலையில்தான். முந்தைய இரவின் நீராகாரத்தைக் குடித்துவிட்டுப் பிள்ளை பள்ளிக்கு வருகின்றான். நண்பகல் மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகளைப்போல் அவனும் வீட்டுக்குப் போகின்றான். அங்கே உண்ண ஒன்றுமில்லை. போனவன் திரும்புவதில்லை. பள்ளிப் பதிவேட்டில் காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் வருகை குறிப்பது வழக்கம் அல்லவா? காலைக் கட்டத்தில் குறி இருக்கும், பிற்பகல் கட்டம் வெறுமையாக இருக்கும். சில வாரங்களில் காலைக் கட்டமும் வெறுமையாகிவிடும். அதற்குள் அவன் ஏதேனும் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்திருப்பான். ஆசிரியராகப் பணியாற்றிய நான் இத்தகைய பதிவேடுகளைப் பார்த்தவன். பெயர்களை அடித்து எழுதுவதற்கு முன்பே அந்த வெற்றுக் கட்டங்கள் நமக்குச் செய்தி சொல்லிவிடும்.

ஆயிரம் விளக்கில் தொடங்கிய ஏற்பாடு பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் பரவிற்று. இந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23-ஆம் ஆண்டில் 811 மாணவர்கள் இருந்தனர். 1924-25-இல் அத்தொகை 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இருமடங்குக்கும் மேல்! இவ்வளவு உயர்வும் சிற்றுண்டி ஒன்றினாலேயே நேர்ந்தது என்று நான் சாதிக்கமாட்டேன். அண்டைப் பள்ளிகளிலிருந்து சில பிள்ளைகள் இங்கே மாறி வந்திருக்கலாம். புள்ளிவிவரத்தைக் கையாளும்போது இத்தகைய ஐயத்தை நீங்களும் எப்பொழுதும் உடன் வைத்துக்கொள்ளவேண்டும். ஆயினும் 860 பிள்ளைகள் கூடுதலாக வந்து அமர்ந்ததற்கும் அங்கே கிடைத்த உணவுக்கும் தொடர்பே இல்லை என்று வாதாடுவது கடினம்.

இந்த நிலையில்தான் அரசின் தடை வந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவது செல்லாது என்று அறிவித்தார்கள். 1925 ஏப்ரல் முதல் நாளோடு ஏற்பாடு நின்றது. தியாகராயச் செட்டியாரும் அதே 1925-இல் மறைந்தார்.

தடை விதித்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. கணக்கதிகாரியின் கண்ணில் சம்பளம் கல்விச் செலவு, பலகை கல்விச் செலவு, கூரைக்கு ஓடு மாற்றுவதும் கல்விச் செலவு. உணவோ தருமம், தருமத்திற்கு வேறு பை இருக்கவேண்டும். இந்தப் பாகுபாடு நம் நாட்டில் மட்டும் எழுந்ததும் அன்று. இங்கிலாந்தில் தல மன்றங்கள் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கு வரிப்பணத்தைச் செலவிடுவதற்கு 1906-இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றவேண்டியிருந்தது. அச்சட்டம் வந்த மறு ஆண்டில் பிராட்போர்டு நகர மன்றத்தார் ஒரு சோதனை செய்தார்கள். பள்ளியில் உணவு பெற்ற பிள்ளைகளை அடிக்கடி தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். உணவு கிடைத்த வாரங்களில் எடை ஏறிற்று. விடுமுறை நாட்களில் இறங்கிற்று. அங்கே தராசு பேசிற்று என்றால், சென்னையில் வருகைப் பதிவேடு பேசிற்று. ஆனால் சென்னை மன்றத்தின் கையில் அத்தகைய சட்டம் இல்லை. கல்விச் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் சொல்லப்படாத உணவை அதற்குள் அடக்கிக்காட்டவேண்டிய நிலை அவர்களுக்கு.

என் கருத்தைக் கேட்டால், மன்றத்தின் பக்கமே நியாயம் மிகுதி என்பேன். வராத பிள்ளைக்கு ஆசிரியர் எதைக் கற்பிப்பார்? 40 பிள்ளைகளுக்கென்று ஓர் ஆசிரியரை நியமித்து, அவர் முன் 20 பேர் மட்டுமே அமர்ந்திருந்தால், அச்சம்பளத்தில் பாதி வீணாகின்றது. ஓரணாச் செலவு அந்த வீணைத் தடுக்குமானால், சிக்கனம் என்னும் கணக்கதிகாரியின் அளவுகோலைக் கொண்டே பார்த்தாலும் அது நல்ல செலவுதான்.

மன்ற உறுப்பினர்கள் ஓய்ந்துவிடவில்லை. 811, 1,671 என்னும் அந்த இரண்டு எண்களையே முன்வைத்து, திட்டத்திற்கு மீண்டும் உயிர் கொடுக்கவேண்டுமென்று வற்புறுத்தி வந்தார்கள். இரண்டு ஆண்டுகள் சென்றபின், 25 பள்ளிகளில் ஏழை மாணவர் ஆயிரவர்க்கு மதிய உணவு வழங்க அரசு இணங்கிற்று. பள்ளிகள் ஐந்திலிருந்து இருபத்தைந்தாயின. பெருவெற்றி என்றே சொல்லவேண்டும். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால், பள்ளி ஒன்றுக்குச் சராசரி நாற்பது பேர். யார் அந்த நாற்பது பேர்? 'நீ ஏழை, இங்கே உட்கார். நீ ஏழையல்லன், எழுந்து போ' என்று ஓர் ஆசிரியர் பிரித்தே ஆகவேண்டும். நாற்பத்தொன்றாம் பிள்ளையின் பசி எந்தக் கணக்கிலும் ஏறாது. பொறுக்கி எடுத்து உணவளிப்பதில் உள்ள இந்தக் குறை பின்னாளிலும் நெடுங்காலம் தொடர்ந்தது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், விரைவாகவே சொல்கின்றேன். முதலமைச்சராயிருந்த காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதற்குமாக எடுத்துச் சென்றார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். இந்தியா முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவே வழங்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2001-இல் ஆணையிட்டது. கல்விச் செலவா, தருமச் செலவா என்னும் பழைய வழக்கு அத்துடன் ஏறக்குறைய முடிந்துபோயிற்று.

ஆனால் காலைப் பசி மிச்சமிருந்தது. நண்பகல் உணவுக்கு வரும் பிள்ளை, முதற் பாடவேளையில் வெறும் வயிற்றோடு அமர்ந்திருப்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் தொடங்கிற்று. அது தொடங்கிய இடமும் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளிதான். 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் அது விரிவாக்கப்பெற்றது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு வகையாக, ஒன்று முதல் ஐந்து வகுப்புவரையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வழங்க ஏற்பாடாயிற்று. இங்கே நாற்பது பேரைப் பொறுக்கி எடுக்கும் வேலை ஆசிரியருக்கு வைக்கப்படவில்லை.