எரியூட்டியும் குறியும்

ரைபிள் தோட்டா நான்கு உறுப்புகளால் ஆயது: பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு, எரியூட்டி. கூட்டின் அடியில் பதிந்திருக்கும் சிறு கிண்ணமே எரியூட்டி. துப்பாக்கியின் ஊசி மோதியதும் அதனுள் இருக்கும் கலவை வெடிக்கும். எழும் சுடர் மருந்தைப் பற்றவைக்கும்.

அமெரிக்காவில் வேட்டையாடுவோரும் குறிசுடும் போட்டியாளரும் சுட்ட கூட்டையே மீண்டும் நிரப்பிக்கொள்வதுண்டு. அவர்க்கு உதவுவது, ஆங்கிலேயப் படை அதிகாரி எட்வர்டு பாக்ஸர் 1866-இல் காப்புரிமை பெற்ற முறை. இதில் கூட்டின் நடுவே ஒரே துளை உண்டு. அதன்வழிக் கம்பியைச் செலுத்திப் பழைய எரியூட்டியை எளிதில் தள்ளிவிடலாம்.

வலிய சுடரே குறியைத் திருத்தும் என்று எண்ணுவது பிழை. தோட்டாவுக்குத் தோட்டா குண்டின் வேகம் மாறினால், தொலைவிலுள்ள இலக்கில் அது மேலும் கீழுமாய்ப் படும். ஆகவே எரியூட்டியில் முதற்கண் நாடவேண்டியது ஒருசீர்மை. மெல்ல எரியும் மருந்தை மிகுதியாகக் கொள்ளும் பெருங்கூட்டுக்கு 'மேக்னம்' எனும் வன்சுடர் வகை ஏற்கும். சிறுகூட்டுக்குப் பெரும்பாலும் இயல்பான வகையே போதும்.

எரியூட்டியை மாற்றினால் கூட்டினுள் அழுத்தம் உயரவும் கூடும். ஆதலின் அறிந்தோர் முதலில் மருந்தைக் குறைத்து, தயாரிப்பாளர் கையேடு காட்டும் எல்லைக்குள் நிற்பர். பின்னர் மருந்தும் குண்டும் மாறாதிருக்க, எரியூட்டியை மட்டும் மாற்றிச் சுட்டுப் பார்ப்பர். எவ்வகையில் துளைகள் நெருங்கி விழுகின்றனவோ அதுவே அத்துப்பாக்கிக்கு உரியது. இம்முறையைக் கைவிட்டு விரைபவன் குறியோடு கண்ணையும் இழக்க நேரும்.