மழுங்கின கத்திதான் கையை வெட்டும்! ஒரகடம் அறைவாசிகள் பையில் வைக்க வேண்டிய சாணைக்கல் எது?

கத்தி என்று எழுதினாலே போலீஸ் செய்தி என்றுதான் வாசகர்கள் நினைப்பார்கள்.

அதில் தப்பு இல்லை. 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் பூந்தமல்லி பக்கம் மலையம்பாக்கத்தில் நடந்த கூத்து பலருக்கு ஞாபகம் இருக்கும். ரவுடி ஒருவருக்குப் பிறந்த நாள். கேக் வெட்ட வந்தது அரிவாள்! விருந்துக்கு வந்த 70-க்கும் மேற்பட்டவர்களைப் போலீசார் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள்.

இன்றைய சங்கதி வேறு. பூந்தமல்லியில் இருந்து பெங்களூர் ரோட்டைப் பிடித்து மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை, அடுத்து ஸ்ரீபெரும்புதூர். அங்கே தெற்கே திரும்பினால் வல்லம், ஒரகடம். வழி நெடுகத் தொழிற்சாலைகள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் வந்தது. அதற்குப் பிறகு சுற்றிலும் வாடகை அறைகள் முளைத்தன.

ஒரு அறைக்கு 4 பேர், 5 பேர். தர்மபுரிக்காரர் பக்கத்தில் ஒடிசாக்காரர் படுத்திருப்பார். ஷிப்டு முடிந்து வந்து தானே பொங்கித் தின்கிற பிழைப்பு. அந்த அறையில் ஒரே ஒரு கத்தி இருக்கும். இந்தக் கட்டுரை அந்தக் கத்தியைப் பற்றியது.

அது யாரையும் குத்துவதில்லை. சில நாட்களில் தக்காளியைக்கூட வெட்டுவதில்லை. அதுதான் வில்லங்கம்!

விரல்தான் சம்பளம்

கூரான கத்தி ஆபத்து, மழுங்கின கத்தி சாது என்று நினைக்கிறோம். நடப்பது தலைகீழ்.

கூரான கத்தி லேசாக இழுத்தாலே இறங்கும். போகிற வழியில் போகும். மழுங்கின கத்தி இறங்காது. நாம் அழுத்துவோம். அழுத்த அழுத்தக் காயின் தோலில் வழுக்கி, பக்கத்தில் இருக்கிற விரலில் இறங்கும். அழுத்தின பலம் அத்தனையும் விரலுக்குத்தான்!

இதை எழுதுகிறவனும் பட்டவன்தான். ஒரகடத்தில் நண்பனின் அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைக்கிறேன் பேர்வழி என்று பூசணிக்காயோடு மல்லுக்கட்டினேன். இடது கை ஆள்காட்டி விரலில் தையல். நான் பேனா பிடிப்பது வலது கையில். அதனால் பிழைத்தேன்.

என் நண்பனுக்கு அப்படி ஆகியிருந்தால்? அவனுக்கு அசெம்பிளி லைனில் திருகு முடுக்கும் வேலை. விரலில் கட்டுப் போட்டுக் கொண்டு திருகு எடுக்க முடியாது. காண்டிராக்ட் ஆள். போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. விரல் போனால் கூலி போச்சு!

வெங்காயம் வெட்டும்போது கண் எரிகிறதா? அதிலும் கத்திக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2025-ல் இதைக் காமிரா வைத்துப் பார்த்தார்கள். மழுங்கின கத்தி வெங்காயத்தை நசுக்குகிறது. அப்போது சாறு அதிகமாக, வேகமாகத் தெறிக்கிறது. கூரான கத்தியில் தெறிப்பது குறைவு. நம் பாட்டிமார் அரிவாள்மனையைத் தீட்டி வைத்துக்கொண்டது சும்மா இல்லை.

சாணைக்காரர் வரும் நேரம்

"கத்திக்குச் சாணை... கத்திரிக்கோலுக்குச் சாணை..." சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்துச் சக்கரம் சுற்றுகிற சாணைக்காரரை எல்லோரும் பார்த்திருப்போம். பொறி பறக்கும். சிறுவர்கள் கூட்டம் கூடும்.

அவர் வருவது பகலில். அறைவாசி பகலில் தொழிற்சாலையில் இருப்பார். இல்லையென்றால் நைட் ஷிப்டு முடித்துக் குப்புறப் படுத்துத் தூங்குவார். இரண்டு பேருக்கும் நேரமே ஒத்து வராது.

ஊர் ஊராகப் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். ஒரகடம் பக்கம் புதுக் கார் ஏற்றக் காத்து நிற்கும் நீள லாரிகளைப் பாருங்கள். பக்கத்திலேயே ஸ்டவ் எரியும். டிரைவரே வெங்காயம் நறுக்குவார். கல்யாணச் சமையலுக்கு ஊர் ஊராகப் போகும் மாஸ்டர்களும் இப்படித்தான். கத்தி கூடவே போகிறது. சாணை கூடப் போவதில்லை.

கம்பெனி கிரைண்டர் வேண்டவே வேண்டாம்

"இதுக்கென்னப்பா, கம்பெனி டூல் ரூமிலே ஒரு இழுப்பு இழுத்துட்டா போச்சு" என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள்.

முதல் காரணம், கேட். பையில் கத்தியோடு செக்யூரிட்டியிடம் மாட்டினால் விளக்கம் சொல்லவே ஒரு நாள் ஆகும். வேலைக்கே வேட்டு வரலாம்.

இரண்டாவது காரணம், சூடு. வேகமாகச் சுற்றும் கிரைண்டர் சக்கரத்தில் மெல்லிய கத்தியை வைத்தால் ஒரு நொடியில் வாய் நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போச்சு. அன்றைக்கு நன்றாக வெட்டும், சீக்கிரமே மழுங்கும். கையால் கல்லில் தீட்டினால் அந்தச் சூடு வராது.

கடையில் என்ன கேட்பது?

பையில் கொண்டு போகிற மாதிரி 5 வகை கிடைக்கிறது. நல்லது கெட்டதைப் பார்ப்போம்.

1. இழுப்பான்: 'வி' வடிவ வெட்டுக்குள் கத்தியை இழுக்கிற பிளாஸ்டிக் சாமான். பார்க்க அழகு. நாலு இழுப்பில் வேலை முடியும். ஆனால் வாயைச் சுரண்டித் தள்ளுகிறது. அடிக்கடி இழுத்தால் கத்தி சீக்கிரம் தேயும். அவசரத்துக்குச் சரி, தினசரிக்கு வேண்டாம்.

2. கம்பி: கறிக்கடைக்காரர் 'சர் சர்' என்று உரசுவாரே, அந்த இரும்புக் கம்பி. அது மடங்கின வாயை நிமிர்த்தும், அவ்வளவுதான். அடியோடு மழுங்கின கத்திக்கு அது மருந்து இல்லை. நீளம் வேறு, பையில் அடங்காது.

3. எண்ணெய்க்கல்: தச்சர் வைத்திருக்கும் ரகம். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைசு. மலிவு, பல வருஷம் உழைக்கும். ஆனால் கனம். எண்ணெய் ஒழுகினால் பையில் இருக்கும் சட்டை போச்சு. கீழே விழுந்தால் உடையும். வாங்குகிறவர் முதலில் இருந்தே தண்ணீர் மட்டும் விட்டுப் பழகலாம். எண்ணெய் குடித்த கல்லில் பிறகு தண்ணீர் ஒட்டாது.

4. வைரத் தகடு: இரும்புத் தகட்டின் மேல் வைரப் பொடி பதித்தது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இது தொழிற்சாலையில் செய்கிற வைரம். மெல்லிசு, கனம் இல்லை, உடையாது. நாலு சொட்டுத் தண்ணீர் போதும். உள்ளங்கை நீளத்தில், இரண்டு பக்கமும் உள்ள தகடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அழுத்தித் தேய்த்தால் மட்டும் பொடி உதிரும். லேசான கை வேண்டும்.

5. உப்புத்தாள்: கையில் காசு இல்லையா? ஹார்டுவேர் கடையில் தண்ணீர் பட்டாலும் கிழியாத கறுப்பு உப்புத்தாள் கேளுங்கள். 'வாட்டர் பேப்பர்' என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். 400-ல் ஒன்று, 1000-ல் ஒன்று. நேரான மரக்கட்டையில் ஒட்டினால் அதுவே சாணைக்கல்.

இந்தக் கறுப்புப் பொடிக்கு ஒரு கதை உண்டு. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சேசன் என்பவர் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். வைரம் வரவில்லை. வைரத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லும்படி கடினமான ஒரு பொருள் வந்தது. கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். அதே பெயரில் 1954-ல் சென்னையில் முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ஆக, சாணை என்பது சென்னைக்குப் பழகின சரக்குதான்.

எது வாங்கலாம்? பையோடு அலைகிறவருக்கு வைரத் தகடு. அறையிலேயே இருக்கிறவருக்கு எண்ணெய்க்கல். மாசக் கடைசி என்றால் உப்புத்தாள். கரண்டில் ஓடும் மிஷின் யாருக்கும் தேவை இல்லை.

நம்பர் ரகசியம்

கல்லில் 400, 1000 என்று நம்பர் போட்டிருக்கும். நம்பர் ஏற ஏறக் கல் நைசு. சின்ன நம்பர் வேகமாகத் தின்னும், பெரிய நம்பர் மெருகேற்றும். அடியோடு மழுங்கினதற்கு 400. வாரம் ஒரு முறை தீட்டுவதற்கு 1000. சமையல் கத்திக்கு இந்த இரண்டே போதும். 5000, 8000 என்று கடைக்காரர் ஆசை காட்டினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

தீட்டுவது எப்படி?

ஈரத் துணியை விரித்து அதன்மேல் கல்லை வையுங்கள். கல் நகரக்கூடாது. நகர்ந்தால் மறுபடியும் விரல்!

கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். ஒன்றரை அங்குல அகலக் கத்தி என்றால் முதுகுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனி நுழைகிற இடைவெளி. கணக்கில் சொன்னால் 20 டிகிரி. அந்தக் கோணம் கடைசி வரை மாறக்கூடாது. சாணையின் சூட்சுமம் மொத்தமும் இதுதான்.

பிடியில் ஆரம்பித்து நுனி வரை இழுங்கள். ஒரு பக்கமே தொடர்ந்து தீட்டினால் மறுபக்கத்து வாயில் மெல்லிய பிசிறு எழும்பும். லேத் பட்டறைக்காரர்கள் 'பர்' என்பார்கள். வாய்க்குக் குறுக்கே, முதுகில் இருந்து வெளிப்பக்கமாக விரலை மெல்ல நகர்த்தினால் தட்டுப்படும். வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டாதீர்கள்.

பிசிறு முழு நீளமும் வந்துவிட்டதா? கத்தியைத் திருப்புங்கள். அந்தப் பக்கமும் அதே மாதிரி. பிறகு நைசுப் பக்கத்தில் மாற்றி மாற்றி லேசாக இழுங்கள். தக்காளியை வையுங்கள். அழுத்தாமலே தோல் பிளந்தால் பாஸ்!

பையில் கத்தியோடு போகலாமா?

இது போலீஸ் நிருபரின் ஏரியா. சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2016-ல் புது விதிகள் வந்தன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு உபயோகத்துக்கும், விவசாயத்துக்கும், விஞ்ஞான வேலைக்கும், தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு.

ஆகவே காய்கறிக் கத்தி ஆயுதம் இல்லை. ஆனால் அது இருக்கிற இடம் முக்கியம். ராத்திரி 1 மணிக்கு வாகனச் சோதனை நடக்கும்போது, இடுப்பில் செருகின கத்தியைக் காட்டி "வெண்டைக்காய் நறுக்க வெச்சிருக்கேன் சார்" என்றால் எந்தப் போலீஸ்காரரும் நம்ப மாட்டார்.

அட்டையை மடித்து உறை செய்து, ரப்பர் பேண்டு போட்டு, தட்டு, கரண்டி, சாணைக்கல்லோடு சேர்த்து மூட்டையாகக் கட்டி, பையின் அடியில் வையுங்கள். சமையல் சாமானோடு இருந்தால் சமையல் சாமான்தான். விமானம் ஏறுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் பையில் கத்தியை வைக்கவே கூடாது. உள்ளே போடும் லக்கேஜில்தான் போட வேண்டும்.

கடைசியாக ஒரு ஓசி யோசனை. தீட்டி முடித்த கத்தியில் மிச்சம் இருக்கும் பிசிறை எடுக்க சலூன்காரர் தோல் வாரில் இழுப்பார். வார் இல்லாதவருக்குப் பழைய செய்தித்தாள் போதும். நாலாக மடித்துக் கல்லின் மேல் விரித்து, முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வர, பக்கத்துக்குப் பத்து இழுப்பு.

இந்தப் பேப்பரைப் படித்து முடித்ததும் வீசிவிடாதீர்கள். இன்றைக்கு ராத்திரி அறையில் வேலை இருக்கிறது!