கருவும் உருவும்: திரைப்படத்தை ஒத்த வீடியோ ஆட்டங்களும் பதிப்புரிமையும்

ஒரு படைப்பைப் பார்த்து மற்றொன்று செய்யப்பட்டதா, அன்றி இரண்டும் ஒரு பொதுமரபினின்று கிளைத்தனவா என்னும் வினா இலக்கிய ஆராய்ச்சியாளர்க்குப் புதியதன்று. அவ்வினாவே திரைப்படத்தை ஒத்த வீடியோ ஆட்டங்களின் வாயிலாக வழக்குமன்றங்களிலும் எழுந்துள்ளது. அமெரிக்க மன்றம் ஒன்று 2008-இல் தீர்ப்பளித்த வழக்கினை ஈண்டு ஆராய்வோம்.

ஜார்ஜ் ரோமெரோ இயக்கி 1978-இல் வெளிவந்த ‘டான் ஆஃப் தி டெட்’ என்னும் படத்தில், ஜாம்பி எனப்படும் நடைபிணங்களுக்கு அஞ்சிய நால்வர் ஹெலிகாப்டரில் தப்பி ஒரு வணிக வளாகத்துள் அடைக்கலம் புகுகின்றனர். ஜப்பானிய நிறுவனமாகிய காப்காம் 2006-இல் வெளியிட்ட ‘டெட் ரைசிங்’ என்னும் ஆட்டத்திலும் வணிக வளாகம் உண்டு, ஹெலிகாப்டர் உண்டு, கைக்கு அகப்பட்டதையெல்லாம் படைக்கலமாக்கி நடைபிணங்களோடு பொருதலும் உண்டு. படத்தின் உரிமையுடைய எம்.கே.ஆர். குழுமம் இதனை உரிமை மீறல் என்றது. காப்காமோ, தான் உரிமை மீறவில்லை என அறிவிக்குமாறு கலிபோர்னியாவின் வடமாவட்டக் கூட்டாட்சி மன்றத்தைத் தானே முற்பட்டு வேண்டிற்று.

பதிப்புரிமை கருவைக் காப்பதில்லை. கரு பெற்ற உருவையே காக்கும். இக்கொள்கை வழி நின்ற மன்றம் கதைப்போக்கு, உட்பொருள், உரையாடல், உணர்வுநிலை, களம், நடைவேகம், மாந்தர், நிகழ்ச்சி வரிசை ஆகியவற்றை ஒப்புநோக்கியது. படத்தின் மாந்தர் உயிர் பிழைக்க வளாகத்தை நாடியவர். ஆட்டத்தின் தலைவனாகிய பிராங்க் வெஸ்டோ செய்தி நாடித் தானே வந்த ஒளிப்படச் செய்தியாளன். எழுபத்திரண்டு மணி நேரத்துள் அக்கொடுமையின் காரணத்தைத் துருவி அறிவது அவன் வேலை. படம் நுகர்வு வேட்கையை எள்ளுவது. ஆட்டத்தில் நடைபிணங்களை வீழ்த்துவதே முதன்மை. வணிக வளாகத்தில் நடைபிணங்களோடு மக்கள் போராடுதல் என்பது எவர்க்கும் உரிமையாகாத கரு எனவும், காணப்பட்ட ஒற்றுமைகள் அதனின்று பிறந்தவையே எனவும் துணிந்து, மன்றம் எம்.கே.ஆர். குழுமத்தின் பதிப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளியது.

இம்முடிபின் நுட்பத்தைத் தமிழ் பயின்றார் எளிதில் உணர்வர். பாலை பாடும் புலவர் வெஞ்சுரமும் வற்றிய சுனையும் பருந்தும் ஆறலை கள்வரும் பாடுவர். அவை ஒருவர் பாட்டிலும் மற்றொருவர் பாட்டிலும் வருதல் களவாகாது. அவை திணைக்கு உரிய பொருள்கள். நடைபிணக் கதைக்கும் அத்தகைய பொதுப்பொருள்கள் உண்டு. முற்றுகையிடப்பட்ட கட்டடமும் அகப்பட்ட படைக்கலமும் அதற்கு இயல்பாகவே உரியன.

ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பொதுப்பொருள்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே சென்றால் எந்தப் படைப்பும் வெறுமையாகும். கபிலர் குறிஞ்சியில் மலையையும் தினையையும் கிளியையும் கழித்தால் எஞ்சுவது யாது? உறுப்புகள் பொதுவாயினும் அவற்றைத் தேர்ந்து இயைத்த அமைப்பு புலவனுக்கே உரியது. ஆட்டத்தில் இவ்வமைப்பினை அளத்தல் மேலும் அரிது. படத்தில் நிகழ்ச்சிகள் ஒரே வரிசையில் நிற்கும். ஆட்டத்திலோ ஆடுவோன் தேர்வுக்கேற்ப நிகழ்ச்சிகள் மாறும், முடிவுகளும் பலவாகும். எவ்வரிசையை எதனோடு ஒப்பிடுவது என்பது எளிதில் தீராத சிக்கலாகும்.

நம் நாட்டு உச்சநீதிமன்றமும் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இக்கொள்கையையே நிலைநாட்டியது. ‘ஹம் இந்துஸ்தானி’ என்னும் நாடகத்தைப் பார்த்து 1956-இல் ‘நியூ டெல்லி’ படம் எடுக்கப்பட்டதென்பது வழக்கு. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்ற மன்றம், இரண்டையும் கண்ட ஒருவர் உள்ளத்தில் பின்னது முன்னதன் படியே என்னும் ஐயமற்ற எண்ணம் எழுகின்றதா என்பதை உரைகல்லாகக் கொண்டது. நாடகம் மாநில வேற்றுமையுணர்வை மட்டும் பேச, படம் வரதட்சணைக் கொடுமையையும் பேசியமையின் மீறல் இல்லை என முடிந்தது.

வழிநூல் முதனூலோடு ஒத்துச் செல்லினும் தனக்கென வேறுபாடு உடைத்தாதல் வேண்டும் என்பது நன்னூலார் கருத்து. அவர் கருதியது உரிமைச் சட்டமன்று, நூல்மரபே. எனினும் அவ்வேறுபாட்டைக் காணும் கண்ணே இவ்வழக்குகளுக்கும் வேண்டப்படுவது. கருவுக்கு வேலியிட்டால் பின்வரும் படைப்பாளிக்கு நிலமில்லை. உருவுக்குக் காவலின்றேல் முன்வந்தவன் உழைப்புக்குப் பயனில்லை. இவ்விரண்டுக்கும் இடையே எல்லை வகுப்பதற்கு ஒப்பியல் ஆய்வு பெரிதும் துணைசெய்யும்; அவ்வாய்வில் பயின்ற நாம் ‘தழுவல்’ என்றோ ‘களவு’ என்றோ ஒரு சொல்லைக் கூறுமுன் இவ்வெல்லையை எண்ணிப் பார்த்தல் கடன்.